எழுத்தும் தோற்றமும்

நுழையும்முன்

கணினித் திரையில் எழுத்தும் அதன் தோற்றமும் ஒன்றாகவே காட்சி தருகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் கையாளும் முறை ஒன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கில் இருந்து வருகிறது. அம்முறை தோன்றிய வரலாற்றையும், தமிழ் எழுத்துக்கு அது உணர்த்தும் செய்தியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று தட்டச்சர்கள்

1971ஆம் ஆண்டின் பிற்பாதி. அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்னும் ஊரில் உள்ள பெல் ஆய்வகத்தில், காப்புரிமைத் துறையைச் சேர்ந்த தட்டச்சர் மூவர் நாள்தோறும் ஒரு சிறு கணினியின் முனையங்களில் அமர்ந்து விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தனர். அக்கணினியின் நினைவகம் 24 கிலோபைட். வட்டின் கொள்ளளவு ஏறத்தாழ அரை மெகாபைட். (இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு நிழற்படத்துக்கு அந்த வட்டு முழுவதும் போதாது.) சில மணி நேரம் தட்டச்சு செய்தாலே வட்டு நிறைந்துவிடும், உடனே கோப்புகளை நாடாவுக்கு மாற்றியாக வேண்டும். அதே கணினியில், அதே வேளையில், ஆய்வாளர்கள் சிலர் புதிய இயக்க முறைமை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் எழுதிய நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் தட்டச்சர்களின் வேலையும் சேர்ந்து நின்றுவிடும் நிலை. ஆகவே, ஒவ்வொரு சோதனையையும் அஞ்சி அஞ்சியே செய்தனர்.

அந்த இயக்க முறைமையே யூனிக்ஸ். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதனை உருவாக்க ஒரு நல்ல கணினியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். முன்னர் வேறொரு பெரிய இயக்க முறைமைத் திட்டத்தில் ஈடுபட்டு அதிலிருந்து விலகியிருந்த நிறுவனம், மீண்டும் அத்தகைய முயற்சிக்குப் பணம் ஒதுக்க முன்வரவில்லை. அப்போது வேறொரு வழி புலப்பட்டது. உரைகளைத் திருத்தவும் அச்சுக்கேற்ப அமைக்கவும் ஒரு கருவி செய்து தருவதாக அவர்கள் உறுதியளித்தனர், கணினி கிடைத்தது. காப்புரிமை விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வரிகளுக்கு எண் இட வேண்டும் என்பது விதி. காப்புரிமைத் துறை அப்போது வாங்கக் கருதியிருந்த வணிகக் கருவிக்கு அது இயலவில்லை. பெல் ஆய்வகத்தாரின் நிரலுக்கு இயன்றது. இன்று உலகின் பெரும்பாலான கணினிகளிலும் கைப்பேசிகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் வாழும் யூனிக்ஸ் மரபு, வரிகளை ஒழுங்காக அடுக்கித் தரும் ஓர் எளிய அலுவலகப் பணியின் துணையால் வேரூன்றியது. கணினி வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியை ஒரு துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அது துணுக்கன்று. எழுத்தை முறையாக அமைத்தல் கணினியின் கடைநிலைப் பணி என்று எண்ணுவோர் அறிய வேண்டிய முதற்செய்தி அதுவே.

புள்ளியில் தொடங்கும் வரி

அந்தத் தட்டச்சர்கள் பயன்படுத்திய நிரலின் பெயர் ராஃப். அதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1964இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்னும் நிரலே அது. படி எடுத்தல் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரே அதன் பெயராயிற்று. ராஃப் என்பது அதன் சுருக்கம்.

இந்நிரல் செயற்படும் முறை எளிது. எழுதுபவர் தம் உரையை வெறும் எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறார். எழுத்தின் அளவு, தடிமன், ஓரம் முதலியவை எவையும் திரையில் தெரிவதில்லை. ஏதேனும் ஓர் அமைப்பு தேவைப்படும் இடத்தில், ஒரு புள்ளியில் தொடங்கும் தனி வரியை இடுகிறார். புள்ளியை அடுத்து 'எஸ்', 'பி' என்னும் இரண்டு எழுத்துகளை இட்டால் ஒரு வரி அளவு இடைவெளி விடப்படும். 'சி', 'இ' என்று இட்டால் அடுத்து வரும் வரி நடுவில் அமையும். 'எல்', 'எல்' என்று இட்டு ஓர் அளவைக் குறித்தால் வரியின் நீளம் அவ்வளவாகும். எழுதி முடித்தபின் கட்டளை வரியில் நிரலின் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், நிரல் உரையைப் படித்து, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வரியை நிரப்பி, வலப்புற ஓரமும் நேராக அமையும்படி இடைவெளிகளைப் பகிர்ந்து, பக்கங்களாகத் தருகிறது. எழுதியவர் கோப்பில் எந்த இடத்தில் வரியை முடித்தார் என்பது ஒரு பொருட்டன்று.

அச்சகங்களின் பழைய நடைமுறையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் சில குறிகளை இடுவார். இத்தொடர் தடித்த எழுத்தில், இத்தலைப்பு நடுவில், இப்பத்தி உள்தள்ளி என்று அக்குறிகள் அறிவுறுத்தும். அச்சுக்கோப்பவர் அவற்றைப் பார்த்துக் கோப்பார். குறிகள் அச்சில் வாரா. ராஃப் நிரலின் புள்ளி வரி அந்த ஓரக்குறியின் வழித்தோன்றல்.

இம்முறையில் இடர்ப்பாடே இல்லை என்று கூற இயலாது. புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை எனக் கொள்ளப்படுவதால், ஒரு பதின்மப் பின்னத்தை முன்னே சுழியம் இடாமல் வரியின் தொடக்கத்தில் எழுதிவிட்டால் அந்த வரி முழுவதும் அச்சில் காணாமற்போகும். நிரல் அதனைத் தனக்குத் தெரியாத கட்டளை எனக் கருதி விட்டுவிடும். தொடக்கத்தில் கற்போர் பலர் இந்த இடத்தில் இடறுவதுண்டு. ஆயினும் பிழை எங்கே என்பது கோப்பிலேயே வெளிப்படையாக இருக்கிறது. கோப்பைத் திறந்து படித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

கருவி மாறிய கதை

1973இல் பெல் ஆய்வகம் ஓர் ஒளியச்சு இயந்திரத்தை வாங்கியது. எழுத்து வடிவங்கள் பொறித்த படச்சுருளின் ஊடே ஒளியைப் பாய்ச்சி ஒளிப்படத் தாளில் பதிவு செய்யும் இயந்திரம் அது. ஒரே வேளையில் நான்கு எழுத்துருக்கள். ஒவ்வொன்றிலும் 102 குறிகள். பதிவான தாளை வேதிநீர்மங்களில் கழுவி எடுக்க வேண்டும். ஜோசப் ஒசானா என்னும் பொறியாளர் இந்த இயந்திரத்துக்காக டி-ராஃப் என்னும் நிரலை எழுதினார். தட்டச்சு எழுத்துப்போல எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்டிருந்த நிலை மாறி, அச்சு நூலுக்குரிய எழுத்துகளைக் கணினி முதன்முறையாக ஆய்வாளர்களின் கைக்குக் கொண்டுவந்தது.

கணிதச் சமன்பாடுகளை அச்சுக்கோப்பது அச்சகத்தாருக்கு என்றுமே கடினமான பணி. பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செரியும் 1970களின் நடுப்பகுதியில் அதற்கென ஒரு துணை நிரலை உருவாக்கினர். அதன் மொழியமைப்பு கருதத்தக்கது. ஓர் ஆசிரியர் சமன்பாட்டை வாயால் சொல்ல, மாணவர் கரும்பலகையில் எழுதுவது போன்ற முறை அது. 'ஏ ஓவர் பி' என்று தட்டச்சு செய்தால் ஏ மேலும் பி கீழுமாகப் பின்னம் அமையும். கணிதமும் அச்சுக்கலையும் அறியாத தட்டச்சரும் எளிதில் கற்க வேண்டும் என்பதைக் குறிக்கோளாகவே அவ்விருவரும் எழுதிவைத்தனர். கருவியைச் செய்பவர் அதனைப் பயன்படுத்தும் எளியவரை முன்னிறுத்தி எண்ணியதற்கு இதனினும் நல்ல சான்று அரிது.

அட்டவணைகளுக்கு மைக் லெஸ்க் ஒரு நிரலை எழுதினார். கோட்டுப் படங்களுக்குப் பின்னர் ஒன்று வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாக அனுப்பும் 'குழாய்' முறை, டக் மெக்கில்ராயின் வலியுறுத்தலால் 1973இல் யூனிக்ஸில் இடம்பெற்றிருந்தது. எனவே, உரை முதலில் படம் வரையும் நிரலுக்குச் சென்று, பின் அட்டவணை நிரல், சமன்பாட்டு நிரல் ஆகியவற்றைக் கடந்து, இறுதியில் டி-ராஃபை அடையும். ஒவ்வொன்றும் தனக்குரிய பகுதியை மட்டும் செய்து, ஏனையவற்றைத் தொடாமல் அடுத்ததற்குக் கொடுத்துவிடும்.

1977இல் ஒசானா காலமானார். அவர் விட்டுச் சென்ற நிரல் விளக்கக் குறிப்புகள் அருகியது. பிறர் தொடவே தயங்குமளவு சிக்கலானது. அதற்குள் அந்த ஒளியச்சு இயந்திரமும் பழையதாகிவிட்டது. நிரலோ அந்த ஓர் இயந்திரத்துக்காக மட்டுமே எழுதப்பட்டது. கெர்னிகன் அதனை எடுத்து, 1979இல், எந்த அச்சு இயந்திரத்துக்கும் பொருந்துமாறு மாற்றியமைத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் மாறியது, நிரலின் உள்ளமைப்பும் மாறியது. தட்டச்சு செய்து வைத்திருந்த உரைகளை மீண்டும் தட்டச்சு செய்ய நேரவில்லை. அவற்றில் இருந்தவை சொற்களும், அச்சொற்களை எவ்வாறு அமைப்பது என்னும் வெளிப்படையான குறிப்புகளுமே.

1990இல் ஜேம்ஸ் கிளார்க் என்பவர் டி-ராஃபை முற்றிலும் புதிதாக எழுதி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் ஜி-ராஃப் என்னும் நிரலை வெளியிட்டார். இன்று லினக்ஸ் கணினியில் ஒரு கட்டளைக்குரிய கையேட்டுப் பக்கத்தைத் திறக்கும்போது, பெரும்பாலும் அந்த நிரலே பின்னணியில் இயங்கி அப்பக்கத்தை அமைத்துத் தருகிறது. 1978இல் வெளியான 'சி நிரலாக்க மொழி' என்னும் புகழ்பெற்ற நூலை அதன் ஆசிரியர்களான கெர்னிகனும் ரிட்சியும் இம்முறையில் தாங்களே அச்சமைத்தனர். அதே கெர்னிகன் 2019இல் வெளியிட்ட யூனிக்ஸ் வரலாற்று நூலையும் ஜி-ராஃப் கொண்டே தாமே அமைத்தார். நாற்பத்தோராண்டு இடைவெளியில் ஒருவர் ஒரே எழுதுமுறையைத் தொடர்ந்திருக்கிறார். சொற்செயலிகளைப் பயன்படுத்துவோருள் எத்தனை பேர் நாற்பதாண்டுக்கு முன்பு தாம் சேமித்த கோப்பை இன்று திறக்க முடியும்?

கண்ணுக்குத் தெரிவதன் பயனும் எல்லையும்

இதற்கு எதிரான வாதம் வலுவற்றதன்று. திரையில் காண்பதே தாளிலும் வர வேண்டும் என்னும் எண்ணம் 1974இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிராவோ என்னும் நிரலாக உருப்பெற்றது. பட்லர் லாம்சனும் சார்லஸ் சிமோனியும் அதனை வடிவமைத்தனர். சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வழங்கும் சொற்செயலி அந்த மரபில் வந்தது. கணினியை அஞ்சிய கோடிக்கணக்கானோர் அச்சம் நீங்கி எழுதத் தொடங்கியது இதனால்தான். திருமண அழைப்பிதழையும் விழாச் சுவரொட்டியையும் கட்டளை வரியில் அமைக்கச் சொல்வது வீண் பிடிவாதம். அங்கே கண்ணே நடுவர்.

ஆனால் நீண்ட உரைக்கு அம்முறை ஒரு விலை கேட்கிறது. மாணவர் ஒருவர் நாற்பது பக்கச் செயல்திட்ட அறிக்கையை எழுதுகிறார் எனக் கொள்வோம். தலைப்பு ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைக்கிறார். இறுதி நாளில், தலைப்புகள் இடப்புறம் அமைய வேண்டும் என்று ஆசிரியர் கூறுகிறார். மாணவர் நாற்பது பக்கங்களையும் புரட்டி ஒவ்வொரு தலைப்பையும் தேடித் திருத்த வேண்டும், ஒன்றிரண்டு விடுபடும். சொற்செயலியிலும் பாணிகளை முன்னரே வரையறுக்கும் வசதி உண்டு என்பது உண்மையே. எனினும், கண்ணெதிரே தோற்றத்தை மாற்றும் பொத்தான் இருக்கும்போது அந்த வசதியைத் தேடிச் செல்வோர் மிகச் சிலர். ராஃப் மரபிலோ, எழுதுபவர் 'இது தலைப்பு' என்று மட்டும் குறிக்கிறார். தலைப்பு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை வேறோரிடத்தில் ஒரே ஒரு முறை கூறுகிறார். அதனை மாற்றினால் நாற்பது பக்கங்களும் மாறும்.

இதில் நேரச் சேமிப்பைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள், இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றையும் பெயரிட்டுக் குறிக்கும்போது, எழுதுபவர் தம் கட்டுரையின் உறுப்புகளை உணர்கிறார். பத்து வரித் தொடர்ச்சியில் எந்த இடத்தில் கருத்து மாறுகிறது என்று தம்மையே கேட்கிறார். தோற்றத்தைத் திருத்திக்கொண்டே எழுதுபவரோ, வாக்கியம் முடியுமுன் எழுத்துருவை மாற்றிப் பார்க்கிறார். கட்டுரை எழுதும் பயிற்சியில் மாணவர் இழக்கும் நேரத்தில் கணிசமான பகுதி இவ்வாறுதான் கழிகிறது என்பதை வகுப்பறையை அறிந்த எவரும் மறுக்கமாட்டார். ஆகவே, மேல்நிலை வகுப்புகளின் கணினி அறைகளில் சொற்செயலியுடன் இம்முறையும் கற்பிக்கப்பட வேண்டும். அதற்குப் புதிய கணினியோ விலையுயர்ந்த மென்பொருளோ தேவையில்லை.

தமிழுக்கு நேர்ந்தது

எழுத்தையும் தோற்றத்தையும் பிரிக்காமல் விட்டால் நேரும் இழப்பைத் தமிழ் தன் அண்மைக்கால வரலாற்றிலேயே பட்டறிந்திருக்கிறது. 1990களில் தமிழைக் கணினியில் எழுதியோர், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். பாமினி அவற்றுள் ஒன்று. அந்த எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து அந்த ஆங்கில எழுத்துகளே எஞ்சும். தோற்றம் மட்டுமே தமிழாக இருந்தது. எழுத்து தமிழாக இல்லை.

பின்னர் டிஸ்கி, டாம், டாப் முதலிய குறியீட்டு முறைகள் வந்தன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு இவ்வகைக் குறியீடுகளைத் தரப்படுத்த முயன்றது. ஆயினும் ஓர் அடிப்படைக் குறை நீடித்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வடிவங்கள் சேமிக்கப்பட்டன. 'கொ' என்பதைச் சேமிக்கும்போது முதலில் கொம்பு, பின்பு ககரம், அதன்பின் கால் என மூன்று துண்டுகள். இதன் விளைவு விந்தையானது. அத்தகைய கோப்பில் 'காடு' என்னும் சொல்லைத் தேடினால், 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் சேர்ந்தே அகப்படும். ககரமும் காலும் டுகரமும் அவற்றினுள்ளும் அதே வரிசையில் இருக்கின்றன அல்லவா? அகரவரிசைப்படுத்தினால் கெகர, கேகர, கொகரச் சொற்கள் ககர வரிசையை விட்டு நீங்கிக் கொம்பின்கீழ்ச் சென்று சேரும். அகராதி தொகுப்போர் பட்ட இடர் சொல்லில் அடங்காது.

உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தெளிவாக வரையறுத்திருக்கிறது. இன்று வழங்கும் ஒருங்குறி முறையும் அவ்வொலி வரிசையையே பின்பற்றுகிறது. 'கெ' என்பதில் ககரம் முதலில் சேமிக்கப்படுகிறது. எகரக் குறி அதனைத் தொடர்கிறது. திரையில் காட்டும்போது மட்டும் கொம்பு முன்னே சென்று நிற்கிறது. வரிவடிவத்தை நம்பாமல் ஒலியிலக்கணத்தை நம்பியதால்தான் தேடலும் வரிசைப்படுத்தலும் சீரடைந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் உருவான கோப்புகள் பல மாற்றுநிரல்களின் துணையால் மீட்கப்பட்டன. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை என்று அறிய இயலாமல் மீளாதொழிந்தனவும் உண்டு.

வரிவடிவம் மாறும் இயல்பினது என்பதற்கு வேறொரு சான்றும் காட்டலாம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய ஐகார வடிவைப் பெரியோர் சிலர் இன்றும் கையால் எழுதக் காணலாம். ஒருங்குறியில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் தனித்தனிக் குறியீடு கிடையாது. பழைய வடிவம் வேண்டுவோர் அதற்குரிய எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். உரையில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. பெல் ஆய்வகத்தில் அச்சு இயந்திரம் மாறியபோதும் உரைகள் மாறாமல் நின்றதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம்.

வரியை எங்கே முறிப்பது?

இவ்வளவு கூறியபின் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. ஜி-ராஃப் நிரலால் தமிழைச் செம்மையாக அச்சமைக்க இயலாது. கொம்பை முன்னே கொண்டுசெல்லுதல் போன்ற வடிவ மாற்றங்களை அது அறியாது. ஆங்கிலம் போன்ற, எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் மொழிகளுக்காகவே அது வளர்ந்தது. தமிழ் எழுதுவோர்க்கு அதே மரபின் மற்றொரு கிளை உதவும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத், தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை கண்டு மனம் வருந்தி, 1977இல் டெக் என்னும் நிரலை வடிவமைக்கத் தொடங்கினார். அதன் வழியில் ஜொனாதன் கியூ 2004இல் உருவாக்கிய சீ-டெக், ஒருங்குறித் தமிழை உரிய வடிவங்களுடன் அச்சமைக்கிறது. இதிலும் உரை வெறும் எழுத்தாகவே இருக்கும். கட்டளைகள் வெளிப்படையாக இருக்கும்.

டெக் நிரலின் தனிச்சிறப்பு வரிகளை முறிக்கும் முறையில் உள்ளது. ராஃப் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டே செல்லும். ஒரு வரி முடிந்தால் அதனைத் திரும்பிப் பாராது. குனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் ஒருசேர நோக்குகிறது. மூன்றாம் வரியில் சிறிது நெருக்கினால் ஏழாம் வரியில் பெரிய இடைவெளி விழாது என்று கணித்து, பத்தி முழுவதற்கும் குறைந்த அளவு பழுது நேரும் வழியைத் தேர்கிறது. வரியின் இறுதியில் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்பதற்கு, பிராங்க் லியாங் 1983இல் தம் ஆய்வேட்டில் ஒரு முறையை வகுத்தார். ஜி-ராஃபும் அதனையே ஏற்றுக்கொண்டது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. புணர்ந்தும் ஒட்டுகள் ஏற்றும் ஒரே சொல் அரை வரியை நிரப்புவதுண்டு. குறுகிய பத்திகளில் இருபுறமும் ஓரத்தை நேராக்க முயன்றால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழுகின்றன. நாளிதழ்ப் பக்கங்களில் அவற்றை நாள்தோறும் காணலாம். பள்ளத்தைத் தவிர்க்கச் சொல்லைப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு விதி வேண்டும். டெக் மரபில் தமிழுக்கு இப்போது வழங்கும் விதிகள் பெரும்பாலும் எழுத்தளவில் நிற்பவை. புள்ளி பெற்ற மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் நிற்கலாகாது என்பது அவற்றின் சாரம். 'அம்மா' என்பதை 'அம்' என்றும் 'மா' என்றும் பிரிக்கலாம். 'அ' என்றும் 'ம்மா' என்றும் பிரிக்கலாகாது. இது சரியே, ஆனால் போதாது. 'தமிழ்நாட்டரசு' என்னும் சொல்லைத் 'தமிழ்' என்று நிறுத்தி 'நாட்டரசு' எனத் தொடர்வதே படிப்பவர்க்கு இதம். 'தமிழ்நாட்டர' என்று நிறுத்திச் 'சு' என்னும் ஓரெழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளினால் கண் தடுமாறும். எழுத்தை மட்டும் பார்க்கும் விதிக்கு இவ்விரண்டும் ஒன்றே.

நிலைமொழி எது, வருமொழி எது, உடம்படுமெய் எங்கே தோன்றியது, வல்லினம் எங்கே மிகுந்தது என்பவற்றைக் கணினிக்குச் சொல்லித் தருபவர் புணர்ச்சி இலக்கணம் கற்றவராக இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் தேர்வுக்காகப் பிரித்து எழுதிப் பழகும் சொற்களின் பட்டியலும், அச்சமைப்பு நிரலுக்குத் தேவைப்படும் சொற்பிரிப்புப் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றே. அத்தகைய பட்டியலை டெக் நிரல் ஏற்கெனவே ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு சொல்லிலும் பிரிக்கத்தக்க இடத்தில் ஒரு சிறு கோடிட்டு, வெறும் எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால் போதும். ஒரு வகுப்பு மாணவர் நாற்பது பேர் ஆளுக்கு ஐம்பது சொற்களைப் பிரித்துத் தந்தால் இரண்டாயிரம் சொற்கள் சேரும்.